பாகில் இருக்கிறது சூட்சுமம்

சூப்பர் மார்க்கெட்டில் அடுக்கி வைத்திருக்கும் எனர்ஜி பார்களின் முன்பக்கத்தில் பாதாமும் ஓட்ஸும் தேனும் கண்ணைப் பறிக்கும். விவரமெல்லாம் பின்பக்கத்தில். உட்பொருள்களில் எது எடையில் அதிகமோ அதை முதலில் அச்சிட வேண்டும் என்பது இந்தியாவின் உணவு லேபிள் விதி. பல பார்களில் சர்க்கரை அந்த முதலிடத்தில் இருக்காது. ஆனால் குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப், தேன், மால்ட் சாறு என்று வெவ்வேறு பெயர்களில் பிரிந்து பட்டியல் நெடுக உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால்தான் கணக்கு விளங்கும்.

இதில் கம்பெனிக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. உதிரியாகக் கிடக்கும் கடலையும் அவலும் ஒரே துண்டாகச் சேர்ந்து நிற்க வேண்டுமானால் ஒட்டுவதற்கு ஏதாவது வேண்டும். மலிவாகவும் வலுவாகவும் ஒட்டுவது இனிப்புப் பாகு. வீட்டில் செய்தாலும் இதே சிக்கல்தான். வேர்க்கடலை, எள், பொட்டுக்கடலை, பொரி என எதைப் போட்டாலும் நல்லதே. எதைக் கொண்டு ஒட்டுகிறோம், எவ்வளவு ஊற்றுகிறோம் என்பதில்தான் அது சத்துத் தின்பண்டமா, வெறும் மிட்டாயா என்பது முடிவாகிறது.

அமெரிக்காவில் நேச்சர் வேலி பிராண்டின் கிரானோலா பார் 1975இல் கடைக்கு வந்தது. அதற்கு வெகு முன்பே கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வியாபாரம் சூடு பிடித்திருந்தது. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த மிட்டாய்க்குக் கரிசல் மண்ணில் விளைந்த கடலையும் தேனி வட்டார வெல்லமும் தாமிரபரணித் தண்ணீரும் பெயர் வாங்கித் தந்தவை. மகாராஷ்டிராவின் லோனாவாலாவில் இதன் உறவுக்காரர் சிக்கி. ஆந்திராவில் பள்ளி மதிய உணவோடு சேர்த்தே சிக்கி கொடுக்கிறார்கள். கிரேக்கர்கள் எள்ளையும் தேனையும் சேர்த்துப் பாஸ்தெலி செய்கிறார்கள். மெக்சிகோவில் கீரை இனத்து விதையைப் பொரித்துப் பாகில் அமுக்கி அலெக்ரியா செய்கிறார்கள். எங்கே போனாலும் உத்தி ஒன்றே: பொரித்ததோ வறுத்ததோ ஒன்று, அதை இறுக்க இனிப்பு ஒன்று.

முதலில் நம்மூர் முறை. 200 கிராம் வேர்க்கடலையை இரும்புச் சட்டியில் சிறு தீயில் நிதானமாக வறுத்து, தோலைத் தேய்த்துப் புடைத்து, இரண்டாக உடைத்துக்கொள்ள வேண்டும். சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது ஆகியவற்றை வறுக்கும் முன்பே பொறுக்கி எறிந்துவிடுவது அவசியம். பூசணத்தால் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு, வறுப்பதால் முழுவதுமாக அழிவதில்லை. பிறகு 120 கிராம் பாகு வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி அடுப்பில் ஏற்றலாம்.

பாகு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகி வெப்பநிலை ஏறுகிறது. 115 டிகிரி செல்சியஸை ஒட்டி உருட்டுப் பதம். ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டால் மெத்தென்று உருளும். இந்தக் கட்டத்தில் கடலையைக் கொட்டினால் துண்டு பல்லில் ஒட்டும், மறுநாள் நமுத்துப் போகும். 150 டிகிரியை நெருங்கும்போது தண்ணீர் ஏறக்குறைய வற்றிவிடும். ஆறியதும் பாகு கண்ணாடிபோல இறுகும். தெர்மாமீட்டர் இல்லாத வீடுகளில் காதே போதும். நீரில் விட்ட சொட்டை எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். அப்போது ஒரு சிட்டிகை சமையல் சோடாவைச் சேர்த்தால் நுரைத்து எழும். அந்தக் காற்றுக் குமிழிகளால் துண்டு கடிப்பதற்கு லேசாக இருக்கும். உடனே கடலையைக் கொட்டிக் கிளறி, நெய் தடவிய தட்டில் பரப்பி, சூடு ஆறுவதற்குள் வில்லை போட்டுவிட வேண்டும். ஆறிய பின் கத்தி வைத்தால் நொறுங்கும்.

இந்த அளவில் 12 துண்டு போட்டால், ஒரு துண்டில் 4 கிராம் அளவுக்குப் புரதமும் சுமார் 130 கலோரியும் 10 கிராம் வெல்லமும் இருக்கும். 2,000 கலோரி சாப்பிடும் பெரியவருக்குச் சேர்க்கைச் சர்க்கரை நாளொன்றுக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெல்லமும் தேனும் இந்தக் கணக்கில் அடங்கும். வெல்லத்தில் இரும்பு முதலான தாதுக்கள் உண்டுதான். ஆனால் 10 கிராமில் கிடைப்பது சொற்பம். குழந்தைகளுக்கு வரம்பு இன்னும் குறைவு என்பதால் ஒரு நாளைக்கு ஒரு துண்டே தாராளம்.

அடுப்பே வேண்டாம் என்பவர்களுக்குப் பேரீச்சம்பழம் இருக்கிறது. கொட்டை நீக்கிய பழம் 200 கிராம், வறுத்த கடலை 100 கிராம், வறுத்த எள் 50 கிராம், வறுத்துப் பொடித்த அவல் 50 கிராம் ஆகியவற்றை மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டினால் கையில் பிடிபடும் பதத்துக்கு வரும். தட்டில் அழுத்திப் பரப்பி, ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம் வைத்து வெட்டலாம். பழம் காய்ந்திருந்தால் வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து நன்றாக வடித்துக்கொள்ள வேண்டும். ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம். சர்க்கரை குறைந்தது என்று சொல்ல முடியாது. பேரீச்சையின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். பழத்தோடு நார்ச்சத்தும் சேர்ந்து வருவது மட்டுமே வித்தியாசம்.

சர்க்கரையை உண்மையிலேயே குறைக்க வேண்டுமானால் மூன்றாவது வழி உதவும். வறுத்த வேர்க்கடலையை எண்ணெய் கக்கும்வரை அரைத்தால் விழுது கிடைக்கும். அதில் 100 கிராமுடன் 60 கிராம் தேன் கலந்து, வறுத்துப் பொடித்த அவலும் பொட்டுக்கடலையுமாக 140 கிராம் சேர்த்துப் பிசைந்து அழுத்த வேண்டும். கடலையின் கொழுப்பும் தேனும் சேர்ந்து ஒட்டுகின்றன. இதிலும் 12 துண்டு போட்டால், துண்டு ஒன்றுக்கு 5 கிராம் தேன்தான் ஆகிறது. கடலை மிட்டாயின் மொறுமொறுப்பு இதில் வராது. பொரிவிளங்காய் உருண்டையின் மென்மையான தம்பி என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றையும் சேமிக்கும் விதம் வேறு வேறு. கடலை மிட்டாய்க்கு எதிரி ஈரக்காற்று. முழுவதும் ஆறிய பிறகே காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் இரண்டு வாரம் மொறுமொறுப்பு குறையாது. மற்ற இரண்டும் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். கடலையில் எண்ணெய்ப் பசை அதிகம் என்பதால் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கினால் எதுவானாலும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் ஆகாது. அதில் இருக்கக்கூடிய ஒரு வகை பாக்டீரியாவின் வித்துகள் பச்சிளங் குடலில் நஞ்சை உண்டாக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முழுக் கடலை தொண்டையில் அடைக்கும் ஆபத்து உண்டு என்பதால், அவர்களுக்கான பங்கில் கடலையைப் பொடித்தே சேர்க்க வேண்டும். பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் டப்பா என்றால், பங்கிட்டுச் சாப்பிடும் தோழர்களில் யாருக்காவது வேர்க்கடலை ஒவ்வாமை இருக்கிறதா என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. இருந்தால் கடலைக்குப் பதில் பொட்டுக்கடலையும் அரிசிப் பொரியும் போட்டு, அதே பாகில் அதே பதத்தில் செய்துவிடலாம்.