உறுமுகிற நாயை அடிக்காதீர்கள்

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறியது பலருக்கும் நினைவிருக்கும். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் 23 இன நாய்களின் இறக்குமதியையும் விற்பனையையும் தடுக்கச் சொல்லி ஒன்றிய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலிலேயே அதை ரத்து செய்துவிட்டது. பூங்காச் சம்பவத்துக்குப் பிறகு டீக்கடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் ஒரே பேச்சுதான்: எந்த இனம் ஆபத்தானது?

இனம் ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ராட்வீலரின் தாடை உண்டாக்கும் காயம் வேறு, பொமரேனியன் உண்டாக்கும் காயம் வேறு. ஆனால் அந்தப் பேச்சில் நம் வீடுகள் விட்டுப்போயின. செய்தியில் வராத கடிகள் வீட்டுக்குள்தான் விழுகின்றன. கடிப்பது லாப்ரடாராக இருக்கும், தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாயாக இருக்கும். கடி வாங்குவது அதற்குத் தினமும் சோறு வைக்கிறவர், அதன் மேல் சாய்ந்து டிவி பார்க்கிற பிள்ளை. நாய் நாளுக்கு நாள் மூர்க்கமாகிக்கொண்டே போகும். அதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, விருந்தாளி வந்தால் பாத்ரூமில் போட்டு அடைத்து, மாதக்கணக்கில் சமாளிக்கிற குடும்பங்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றன.

தாம்பரம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஏழு வயது லாப்ரடார் இருந்தது. சோபாவுக்கும் டிவி ஸ்டாண்டுக்கும் நடுவில் படுத்திருக்கும். வீட்டுப் பையன் அதைத் தாண்டித் தாண்டி ஓடுவான். முதலில் எழுந்து வேறு இடத்துக்குப் போய்ப் படுத்தது. சில வாரம் கழித்து எழவில்லை. அவன் வரும்போது முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. பிறகு நாக்கால் மூக்கை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரமாக ஓட்டும்; விழியின் வெள்ளை பிறை மாதிரித் தெரியும். கடைசியில் ஒருநாள் உறுமியது. அப்பா செருப்பை எடுத்து இரண்டு வைத்தார். அதன் பிறகு உறுமவே இல்லை. திருந்திவிட்டது என்று நினைத்தார்கள். ஒரு மாதம் போயிருக்கும், பையனின் முன்கையைக் கவ்விவிட்டது. 'ஒரு சத்தம் போடலைங்க, திடீர்னு கடிச்சிடுச்சு' என்று அந்த அம்மா அழுதார்.

அது திடீரென்று நடந்ததல்ல. அந்த நாய் பல வாரமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது.

கெண்டல் ஷெப்பர்ட் என்ற பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் இதை ஓர் ஏணியாக வரைந்து காட்டியிருக்கிறார். கீழ்ப்படியில் கொட்டாவி, கண் சிமிட்டல், மூக்கை நக்குவது. அதற்கு மேல் முகம் திருப்புவது, உடம்பைத் திருப்புவது, விலகிப் போவது. பிறகு காதை ஒட்டவைத்து, வாலைக் காலிடுக்கில் சொருகி ஒடுங்குவது. அதற்கும் மேலே உடம்பு விறைப்பது, முறைப்பது, உறுமுவது, காற்றைக் கடிப்பது. உச்சிப் படிதான் கடி. கீழ்ப்படிகளில் சொன்னது யார் காதிலும் விழவில்லை என்றால் நாய் மேலே ஏறும். உறுமலுக்கு அடி விழுந்தால் அந்தப் படியை விட்டுவிட்டு நேராக உச்சிக்குப் போகக் கற்றுக்கொள்ளும். அடியால் பயமும் வலியும் குறைவதில்லை, எச்சரிக்கை மட்டும்தான் நின்றுபோகிறது. உறுமாமல் கடிக்கிற நாயைப் பல நேரம் நாமேதான் உருவாக்குகிறோம்.

'நாய்க்கு நாமதான் தலைவன்னு காட்டணும்' என்கிற அறிவுரையை நாய் வளர்க்கும் எல்லாரும் கேட்டிருப்பார்கள். மல்லாக்கத் தள்ளி அமுக்கிப் பிடி, கண்ணைப் பார்த்து முறை, கழுத்தைப் பிடித்து உலுக்கு என்று இன்றும் சில பயிற்சியாளர்கள் காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறார்கள். இதன் வேர், 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் கூண்டில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதிய ஆய்வு. ஓநாய்க் கூட்டத்தில் ஒரு தலைவன் உண்டு என்ற கருத்தைத் தன் 1970 புத்தகத்தில் பரப்பிய டேவிட் மெக், காட்டு ஓநாய்களை ஆண்டுக்கணக்கில் நேரில் பார்த்த பிறகு 1999-இல் அதை மாற்றி எழுதினார். அங்கே அவர் கண்டது அப்பா, அம்மா, குட்டிகள் என்று ஒரு குடும்பம். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நாயை அடித்த அல்லது உதைத்த உரிமையாளர்களில் 43 சதவீதம் பேர், நாய் பதிலுக்குச் சீறியதாகச் சொன்னார்கள். முறைத்துப் பார்த்தவர்களுக்கே 30 சதவீதம். இதற்குப் பிறகும் பிரம்பைக் கையில் எடுக்கச் சொல்கிற பயிற்சியாளரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

தாம்பரம் நாய்க்கு என்ன ஆனது? கால்நடை டாக்டர் அதன் பின்னங்காலை மெதுவாகப் பின்னால் நீட்டினார். சட்டென்று தலையைத் திருப்பி அவர் கையைப் பார்த்தது. எக்ஸ்ரே எடுத்தால் இரண்டு இடுப்பு மூட்டும் தேய்ந்திருந்தன. பையன் தாண்டிக் குதிக்கிற ஒவ்வொரு முறையும், இடித்துவிடுவானோ என்று பயந்து கிடந்திருக்கிறது அந்த ஜீவன்.

அதனால்தான், மூர்க்கம் கூடுகிற நாயைப் பயிற்சியாளரிடம் கொண்டுபோகும் முன் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள் என்கிறேன். இடுப்பு மூட்டு மட்டுமல்ல. காதுக்குள் சீழ், சொத்தைப் பல், தைராய்டு குறைவு, வயதான நாய்க்குக் கண் மங்குவது, காது மந்தமாவது, மூளைக்குள் கட்டி என எதுவும் நாயின் குணத்தை மாற்றும். நம் ஊர் வெயிலில் உண்ணிக் காய்ச்சல் வேறு. உடம்பெல்லாம் நோகும்போது தொட வருகிற கையெல்லாம் எதிரிதான். முழு உடல் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் எக்ஸ்ரே. தனியார் கிளினிக் கட்டுப்படியாகாவிட்டால், சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வலிக்குது போல என்று வீட்டிலிருக்கிற பாரசிட்டமாலையோ ஐபுபுரூஃபெனையோ உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு அவை விஷமாகலாம்.

இங்கே ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நன்றாக இருந்த நாய் ஓரிரு நாளில் ஆளே மாறி, குரைப்பு கரகரத்து, எச்சில் ஒழுகி, தண்ணீர் விழுங்கத் திணறி, கல்லையும் கட்டையையும் கடிக்கிறதென்றால் ரேபிஸ் என்று சந்தேகப்பட்டு விலகி நிற்க வேண்டும். அது மட்டுமல்ல, சொந்த நாய் கடித்தாலும், பல் லேசாகப் பட்டு ரத்தக் கீறல் விழுந்தாலும், ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தம் வந்த காயத்துக்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும். நாயைப் பத்து நாள் கவனிப்பது நல்லதுதான். ஆனால் பத்து நாள் போகட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. 'கதவிடுக்கில் நசுங்கிடுச்சு' என்று டாக்டரிடம் மறைக்கிறவர்கள் தங்கள் உயிரை வைத்து விளையாடுகிறார்கள். ரேபிஸ் அறிகுறி வந்த பிறகு காப்பாற்ற மருந்து இல்லை.

வலிக்கோ நோய்க்கோ சிகிச்சை தொடங்கிய உடனே நாய் மாறிவிடாது. அது மாறும்வரை வீட்டில் இன்னொரு கடி விழாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை. நாய் எங்கே, எப்போது, யாரைப் பார்த்து உறுமுகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு வாரத்தில் ஒழுங்கு பிடிபடும்: சாப்பாட்டுத் தட்டு, கட்டிலடி, காலிங் பெல், டெலிவரிப் பையன், மாலை ஏழு மணிக்குப் பட்டாசுச் சத்தம். பிடிபட்டதும் அந்தச் சூழலே வராமல் செய்யுங்கள். தனி அறையில் சாப்பாடு. குழந்தைகள் விழித்திருக்கும் நேரத்தில் நடுவில் ஒரு தடுப்புக் கதவு. தூங்கும்போதும் சாப்பிடும்போதும் அதை யாரும் தொடக் கூடாது. இந்த விதி தாத்தாவுக்கும் பொருந்தும். 'நம்ம நாய்தானே, என்ன பண்ணிடும்' என்கிற பெரியவர்தான் பல வீடுகளில் சிக்கல். சின்னக் குழந்தையையும் நாயையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள்.

மொட்டை மாடியில் சங்கிலி போட்டுக் கட்டிவிடுவது தீர்வல்ல. கட்டிக் கிடக்கிற நாய்க்கு விலகிப் போகிற படி இல்லை, அதனால் மற்ற படிகளில் வேகமாக ஏறும். அதற்குப் பதில் நாயைக் கூடை வடிவ வாய்ப்பூட்டுக்கு (மஸில்) பழக்குங்கள். வாயைத் திறந்து இரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் அதில் முடியும். முதல் நாளே மாட்டிவிடாமல், உள்ளே கோழித்துண்டு வைத்து அதுவே மூக்கை நுழைக்கும்வரை பொறுத்திருங்கள். பிறகு பயத்தை இறக்குகிற பயிற்சி. காலிங் பெல் சத்தத்துக்குச் சீறுகிற நாய்க்கு, போனில் அதே சத்தத்தை மெல்லிய ஒலியில் வைத்து, கேட்டதும் பிடித்த தீனி. பல நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஒலியைக் கூட்ட வேண்டும். பதற்றம் மிகுந்த நாய்களுக்கு மருத்துவர் ஃப்ளூவாக்ஸடின் போன்ற மாத்திரை எழுதித் தரலாம். அது மயக்க மருந்தல்ல, வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். தாம்பரம் வீட்டில் வலி மாத்திரையும், எடை குறைப்பும், நடு ஹாலிலிருந்து மூலைக்கு மாறிய மெத்தையுமே பெரும்பாலும் போதுமானதாக இருந்தன.

எல்லா வீட்டிலும் இப்படி முடிவதில்லை. கடியின் ஆழத்தை அளக்க இயன் டன்பார் என்ற கால்நடை மருத்துவர் ஆறு நிலை வகுத்தார். பல் படாத சீறல் முதல் நிலை. மூன்றாம் நிலையில் ஒரே கடியில் ஒன்று முதல் நான்கு துளை, கோரைப்பல்லின் பாதி நீளத்துக்கு மேல் ஆழமில்லை. நான்காம் நிலையில் ஆழம் அதைத் தாண்டும். நாய் விடாமல் பிடித்து உலுக்கியிருக்கவும் கூடும். அந்த நிலைக்குப் போன நாயைச் சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. குழந்தை இல்லாத, அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுக்கலாம். ஆனால் எத்தனை முறை கடித்தது, எதற்குக் கடித்தது என்பதை மறைக்காமல் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். 'சாதுவான நாய்' என்று பொய் சொல்லித் தள்ளிவிடுவது இன்னொரு வீட்டுக் குழந்தைக்குச் செய்கிற துரோகம். எதற்கும் வழியில்லாமல், வலியிலும் பயத்திலும் அந்த நாயே நிம்மதியில்லாமல் கிடந்தால், டாக்டரோடு கலந்து பேசிக் கருணைக்கொலைக்குச் சம்மதிக்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அதைச் சந்தித்த குடும்பங்களின் துக்கம் பெரியது. 'ஒரு நாய்க்குப் போயா' என்று அவர்களிடம் கேட்காதீர்கள்.

நெடுஞ்சாலையோரம் காரிலிருந்து இறக்கிவிட்டு வருவதை மட்டும் மன்னிக்க முடியாது. பட்டினி கிடந்து துன்பப்படும் நிலையில் விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி குற்றம். உங்கள் நாயை அலட்சியமாக விட்டு அடுத்தவருக்கு ஆபத்து வந்தாலும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவு ஆறு மாதம் வரை சிறை என்கிறது.

உங்கள் நாய் இந்த வாரம் யாரையாவது பார்த்து உறுமியிருந்தால், அதைக் கோபப்படுத்திப் பார்க்காமல், தள்ளி நின்று போனில் ஒரு வீடியோ எடுங்கள். கடைசித் தடுப்பூசிச் சீட்டையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரைப் பாருங்கள். முதல் கடிக்காகக் காத்திருக்க வேண்டாம்.