காட்டில் பிறந்த சித்திரங்கள்

தன் தேசத்தின் அழகைத் தானே கண்டுகொள்ளாத ஜனங்களும் உண்டா? உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கானடாவின் செல்வர் வீடுகளில் ஹாலந்து தேசத்துப் பசுக்களின் படங்கள் மாட்டியிருக்கும். சொந்த நாட்டின் வடபகுதியிலுள்ள பாறையும் ஏரியும் கோணல் மரமும் சித்திரத்துக்கு லாயக்கற்றவை என்பது பலருடைய எண்ணம்.

அந்த எண்ணத்தை மாற்றியவர்களில் ஒருவர் டாம் தாம்ஸன். 1877-ல் பிறந்த இவர், டொரோண்டோ நகரில் விளம்பரப் படங்கள் எழுதிப் பிழைத்து வந்தார். 1912-ல், தமது 34-வது வயதில், ஆல்கான்குவின் வனத்துக்கு முதன்முறையாகப் போனார். பிறகு வருஷந்தோறும் அங்கே போவது வழக்கமாகிவிட்டது. மீன் பிடிக்க வருவோருக்கு வழிகாட்டியாகவும், காட்டுத் தீக் காவலராகவும் வேலை பார்த்தார்.

ஏரியில் ஓடம் செலுத்துவார். ஏரி முடிந்த இடத்தில் அதே ஓடத்தைத் தோளில் கவிழ்த்துக்கொண்டு, அடுத்த ஏரி வரையில் நடப்பார். கூடவே ஒரு சிறு வர்ணப் பெட்டியும் போகும். தைல வர்ணம் உலர நாட்கள் ஆகும். ஈரப் படத்தைச் சுமந்து காட்டில் நடப்பது எப்படி? பெட்டிக்குள் காடி வெட்டியிருக்கும். சுமார் 8½ அங்குல உயரமும் 10½ அங்குல அகலமும் உள்ள மரப் பலகைகள் ஒன்றோடொன்று உராயாமல் அதில் நிற்கும். 1841-ல் ஜான் ராண்ட் என்ற சித்திரக்காரர் வர்ணத்தைத் தகரக் குழாயில் அடைக்கும் யுக்தியைக் கண்டுபிடித்திராவிட்டால், இந்தப் பிரயாணம் இத்தனை சுலபமாயிராது.

மேகம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. ஆகையால் தாம்ஸன் வெகு வேகமாக எழுதுவார். வர்ணம் படாத இடங்களில் பலகையின் நிறமே தெரியும்.

குளிர்காலத்தில் நகருக்குத் திரும்பி, ஒரு குடிசையில் அமர்ந்து, சில பலகைகளைப் பெரிய கித்தானில் விரித்து எழுதுவார். 1916-ல் கிராண்ட் ஏரிக் கரையில் எழுதிய பலகையிலிருந்து அப்படிப் பிறந்ததுதான் 'ஜாக் பைன்': காற்றில் வளைந்த ஒரு மரம்; அதன் பின்னால் ஏரியும் மாலை வானமும்.

1917 ஜூலை 8-ந் தேதி கனூ ஏரியில் ஓடமேறிப் போனவர் திரும்பவில்லை. எட்டு நாள் கழித்து உடல்தான் கிடைத்தது. அப்போது வயது 39. மறு வருஷம் கானடாவின் தேசீயச் சித்திரசாலை 'ஜாக் பைன்' படத்தை வாங்கியது. 1920-ல் அவருடைய நண்பர்கள் 'எழுவர் குழு' என்று சேர்ந்து, வடநாட்டுக் காட்சிகளைத் தொடர்ந்து எழுதினார்கள். லாயக்கற்றது என்று தள்ளிய கோணல் மரமே தேசத்தின் அடையாளமாயிற்று!

ஆனால், அந்த வனம் ஆளற்ற வெளியல்ல. ஆதிக்குடிகள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பூமி அது. அதன் அழகை அவர்களுக்கு யாரும் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. நகரவாசிகளுக்குத்தான் அதைக் காண ஒருவருடைய ஐந்து வருஷ நடையும் ஒரு வர்ணப் பெட்டியும் தேவைப்பட்டன.

நம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தையும் ஒரு முறை நிமிர்ந்து பார்ப்போம். அதில் இருப்பது எந்த ஊர்?