முகம் பாராத நேர்முகத் தேர்வு

வேலைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் இளைஞர்களுக்கு அண்மை ஆண்டுகளில் ஒரு புதுவகை மின்னஞ்சல் வருகிறது. நேர்முகத் தேர்வுக்கு நீங்கள் தெரிவு செய்யப்பட்டிருக்கிறீர்கள் என்று அது தொடங்கும். எந்த ஊர், எந்த அலுவலகம், எத்தனை மணிக்கு என்ற விவரம் எதுவும் அதில் இராது. ஓர் இணைப்பும், சில நாள்களுக்குள் முடித்துவிட வேண்டும் என்ற கெடுவும் மட்டும் இருக்கும். இணைப்பைத் திறந்தால் கைப்பேசித் திரையில் ஒரு வினா தோன்றும். எண்ணிப் பார்க்க அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கிடைக்கும். பின்பு கேமரா பதியத் தொடங்கிவிடும். இரண்டு நிமிடத்துக்குள் விடை சொல்லி முடிக்க வேண்டும். உடனே அடுத்த வினா. இவ்வாறு ஐந்தாறு வினாக்கள் கடந்ததும் நன்றி என்றொரு சொல்லுடன் திரை மூடிக்கொள்ளும். எதிரே ஒருவரும் இல்லை. பதிவான காணொளியை நிறுவனத்தார் தமக்கு வசதியான ஒரு நாளில் பார்த்துக்கொள்வார்கள்.

இதைப் பதிவுக் காணொளி நேர்காணல் என்றும், ஒருவழி நேர்காணல் என்றும் அழைக்கிறார்கள். நம் வாடிக்கையாளர் குடும்பங்கள் பலவற்றுக்கு இது வெறும் தொழில்நுட்பச் செய்தியன்று. கல்விக் கடன் பெற்றுப் படித்த பிள்ளைக்குப் படிப்புக் காலமும் அதன்பின் பொதுவாக ஓராண்டும்தான் தவணை விலக்கு. அந்த ஓராண்டுக்குள் அமையும் முதல் வேலை, இன்று இப்படியொரு கேமராவின் முன் முடிவாகக்கூடும். எனவே இம்முறையின் நிறைகுறைகளை நாம் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

எப்படி வந்தது?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 2004ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஹயர்வியூ இத்துறையின் முன்னோடி நிறுவனங்களுள் ஒன்று. அந்நாளில், விண்ணப்பதாரரின் வீட்டுக்கே வெப் கேமராவை அனுப்பிவைத்து விடைகளைப் பதிவு செய்தார்கள். 2020இல் பெருந்தொற்று அலுவலகங்களை மூடியபோது இம்முறை உலகெங்கும் விரைந்து பரவியது. நம் நாட்டில் கல்லூரி வளாகத் தேர்வுகளிலும், தகவல் தொழில்நுட்பம், வாடிக்கையாளர் சேவை, விற்பனைத் துறைகளின் தொடக்கநிலைப் பணிகளிலும் இது இடம்பிடித்துவிட்டது.

நிறுவனங்களுக்கு இதில் உள்ள ஆதாயம் வெளிப்படை. ஒரு பணியிடத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் குவியும்போது ஒவ்வொருவரையும் தொலைபேசியில் பிடித்து, இருவருக்கும் ஒத்துவரும் நேரம் குறித்து, அரை மணி பேசுவது இயலாத காரியம். பதிவான விடையைச் சில நிமிடங்களில் பார்க்கலாம். ஐயமிருந்தால் மீண்டும் பார்க்கலாம். துறைத் தலைவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கலாம்.

விண்ணப்பதாரருக்கும் ஆதாயம் உண்டு என்பதை நாம் மறுக்க வேண்டியதில்லை. குவாஹாட்டியிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் வர இரண்டு நாள்களுக்கு மேலாகும். இருபது நிமிட உரையாடலுக்காக அத்தனை தொலைவு வந்து, விடுதியில் தங்கி, வெறுங்கையுடன் திரும்பும் செலவு எளிய குடும்பத்துக்குச் சிறிதன்று. ஏற்கெனவே ஒரு வேலையில் இருப்பவர் பொய்க் காரணம் சொல்லி விடுப்பு எடுக்க வேண்டியதில்லை. கைக்குழந்தை உள்ள பெண், குழந்தை உறங்கிய பின் இரவு பத்து மணிக்கு விடை சொல்லலாம்.

கேட்கப்படாத கேள்வி

இவற்றைவிட முக்கியமான ஒரு நன்மை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அனைவருக்கும் ஒரே வினாக்கள், ஒரே வரிசை, ஒரே கால அளவு என்பதே அது. மனம்போனபடி நடக்கும் உரையாடலைவிட இவ்வாறு வரையறுக்கப்பட்ட நேர்காணலே ஒருவரின் பணித்திறனைச் சரியாகக் கணிக்கிறது என்பது பணியாளர் தேர்வு குறித்த ஆய்வுகளில் நெடுங்காலமாக நிலைபெற்ற முடிவு.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. நேர்முகத் தேர்வில் அமர்ந்தவர்கள் அறிவார்கள்: சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்கிறார், வீட்டில் எத்தனை பேர் என்று பேச்சு மெல்ல நகரும். சமூகவியலாளர்கள் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் தனியார் நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களைச் சந்தித்து எழுதிய கட்டுரை 2007இல் எக்கனாமிக் அண்டு பொலிட்டிகல் வீக்லி இதழில் வெளிவந்தது. குடும்பப் பின்னணி பற்றிய இத்தகைய கேள்விகளுக்குப் பணியமர்த்துவோர் எவ்வளவு எடை தருகிறார்கள் என்பதை அது எடுத்துக்காட்டியது. சாதியின் பெயரைச் சொல்லாமலே சாதியை அறிந்துகொள்ள இக்கேள்விகள் போதும். மைய அரசு தன் கீழ்நிலைப் பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வையே நீக்கியதற்கும், நேர்முகத்தில் முறைகேட்டுக்கு இடமிருக்கிறது என்ற கருத்தே அடிப்படை. முன்கூட்டியே எழுதப்பட்ட ஐந்து வினாக்களைத் தவிர வேறெதையும் கேட்க இயலாத ஒரு முறை, இந்த வகையில் ஒரு பாதுகாப்புத்தான்.

ஆனால் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்காத கேமரா, வீட்டின் சுவரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. காரை பெயர்ந்த சுவரும் கொடியில் தொங்கும் துணியும் அடுத்த அறையின் பேச்சொலியும் விடையுடன் சேர்ந்தே பதிவாகின்றன. தனி அறை உள்ள பிள்ளைக்கும் ஒற்றை அறையில் ஐவர் வாழும் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே வினாத்தாள் கொடுத்துவிட்டோம் என்பதால் தேர்வு சமமாகிவிடாது. மனிதக் கண் மட்டுமே இதில் மயங்குகிறது என்றும் எண்ண வேண்டாம். ஜெர்மனியின் பவேரிய ஒலிபரப்பு நிறுவனச் செய்தியாளர்கள் 2021இல் ஒரு தேர்வு மென்பொருளைச் சோதித்தார்கள். அதே நபர் கண்ணாடி அணிந்தபோதும், பின்னணியில் புத்தக அலமாரி சேர்க்கப்பட்டபோதும், அவருடைய குணநலன் குறித்து மென்பொருள் தந்த மதிப்பெண்கள் மாறின.

மதிப்பிடுவது யார்?

பதிவைப் பார்ப்பது மனிதரா மென்பொருளா என்பது விண்ணப்பதாரருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. முகக் குறிப்புகளை அளந்து மதிப்பிடும் வழக்கம் கடுமையான எதிர்ப்பைச் சந்தித்ததும், ஹயர்வியூ அதைக் கைவிட்டதாக 2021 ஜனவரியில் அறிவித்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2020 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, காணொளி நேர்காணலைச் செயற்கை நுண்ணறிவு ஆராயுமானால் அதை முன்னரே தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் பணியிடங்களில் மனிதரின் உணர்ச்சிகளைக் கணிக்கும் மென்பொருளை 2025 பிப்ரவரி முதல் தடை செய்திருக்கிறது. மருத்துவம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு.

நம் நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தந்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் தரவை அழிக்கக் கோரவும் பொதுவான உரிமை தருகிறது. அது படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது.

மென்பொருள் இல்லாவிட்டாலும் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. நேர்முகம் என்ற சொல்லிலேயே இரண்டு முகங்கள் உண்டு. நாம் சொன்னது புரிந்ததா என்பதை எதிரிலிருப்பவரின் புருவம் சொல்லும். கேள்வி விளங்காவிட்டால் மறுபடி கேட்கலாம். ஆங்கிலத்தில் தடுமாறும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, பரிவுள்ள ஒரு தேர்வாளர் பரவாயில்லை, நிதானமாகச் சொல்லுங்கள் என்று கூறும் ஒரு சொல் எத்தனை தெம்பு! கேமரா அதைச் சொல்வதில்லை. சம்பளம் எவ்வளவு, இரவுப் பணி உண்டா, எந்த ஊரில் பணி என்று விண்ணப்பதாரர் திருப்பிக் கேட்கவும் வழியில்லை. நிறுவனம் பிள்ளையைப் பார்க்கிறது. பிள்ளை நிறுவனத்தைப் பார்ப்பதில்லை. ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டுப் பதிந்த காணொளியை யாரேனும் திறந்து பார்த்தார்களா என்பதும் தெரியாது.

வங்கித் துறையிலிருந்தே ஓர் ஒப்பீட்டைச் சொல்லலாம். காணொளி வழியே வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்க ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் அனுமதி அளித்தது. அதன் நிபந்தனை, வங்கி அலுவலர் ஒருவர் அதே நேரத்தில் எதிர்ப்புறம் இருந்து பேச வேண்டும் என்பது. முன்பே பதிந்து அனுப்பிய காணொளி செல்லாது. ஒரு சேமிப்புக் கணக்கைத் தொடங்கவே எதிரே ஒரு மனிதர் வேண்டும் என்றிருக்கையில், ஒருவரின் வாழ்க்கைத் தொழிலை எவரும் எதிரே இல்லாமல் முடிவு செய்வது பொருந்தாது என்பதே நம் கருத்து. பெருங்கூட்டத்தை முதல் சுற்றில் சலித்தெடுக்க இம்முறை உதவட்டும். அதற்குள்ளும் ஒருமுறையேனும் மீண்டும் பதிய வாய்ப்புத் தர வேண்டும். இறுதி முடிவு உயிருள்ள உரையாடலுக்குப் பின்பே வர வேண்டும்.

பதிவுக்கு முன்

அழைப்பு வந்ததும் பதிலஞ்சலில் நான்கு செய்திகளைக் கேட்டுவிடுங்கள்: மறுபதிவுக்கு இடமுண்டா, பார்ப்பவர் யார், காணொளியை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், அடுத்த சுற்று நேரடியானதா. பணிவாகக் கேட்பதால் வாய்ப்புக் குறையாது. திக்குவாய், செவித்திறன் குறைவு போன்றவை இருப்பின் கூடுதல் நேரமோ எழுத்து வடிவில் வினாவோ கோரலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிடும் கடமையைத் தனியார் நிறுவனங்களுக்கும் விதித்திருக்கிறது. அதைச் சுட்டிக் கேட்பதில் தவறில்லை.

கைப்பேசியைக் கண் மட்டத்தில் அசையாமல் நிறுத்துங்கள். வெளிச்சம் முகத்தின் முன்னாலிருந்து வரட்டும். வீட்டில் இடமில்லையெனில் கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவில் ஓர் அறை கேளுங்கள்; கொடுப்பார்கள். எழுதிவைத்துப் படித்தால் கண் காட்டிக்கொடுக்கும். நான்கு சொற்களைத் தாளில் குறித்துக்கொண்டு, விடையை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டுப் பின்பு விளக்குங்கள். கெடுவின் கடைசி இரவு வரை காத்திருக்க வேண்டாம். இணையமோ மின்சாரமோ இடையில் நின்றால் திரையைப் படம்பிடித்து, உடனே நிறுவனத்துக்கு எழுதுங்கள்.

இனி, வங்கி என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. எதிரே ஆளில்லாத இந்த நேர்காணல் மோசடிக்காரருக்கும் வசதியானது. அழைப்பு உண்மையானதுதானா என்பதை நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் சரிபார்த்த பின்பே இணைப்பைத் திறவுங்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று பணம் கேட்டால் அது வேலைவாய்ப்பே அன்று. ஆதார் அட்டையையும் பான் அட்டையையும் கேமராவின் முன் காட்டச் சொன்னாலோ, தலையை இடவலமாகத் திருப்பி எண்களை வாசிக்கச் சொன்னாலோ ஐயம் கொள்ளுங்கள். அது வேறெங்கோ உங்கள் பெயரில் நடக்கவிருக்கும் முகச் சரிபார்ப்புக்கான ஒத்திகையாக இருக்கலாம். திரையைப் பகிரும் செயலி எதையும் நிறுவ வேண்டாம். ஓடிபி எண்ணை எந்த நேர்காணலிலும் சொல்லத் தேவையில்லை. பணம் போய்விட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைத்துப் புகாரளியுங்கள். கையோடு உங்கள் வங்கிக் கிளைக்கும் தெரிவியுங்கள்.