லாயக் கட்டடங்களை இனங்காணல்: ஹம்பி, செஞ்சிச் சான்றுகள்

முன்னுரை

பழனியை அடுத்த ஆயக்குடி, திண்டுக்கல் சீமைப் பாளையங்களுள் ஒன்று. நாயக்கர் காலப் பாளையக்காரர்கள் மதுரை அரசுக்குப் படையுதவி அளிக்கக் கடமைப்பட்டவர்கள். ஆதலின் பாளைய ஊர்களின் கட்டடக்கலையை ஆராய்வோர் அரண்மனையோடு படைவிலங்குகள் நின்ற இடங்களையும் கருத்தில் கொள்ளவேண்டும். யானை நிற்குமிடத்தைக் கூடம் என்றும், குதிரை நிற்குமிடத்தைப் பந்தி, மந்துரை என்றும் தமிழ் வேறுபடுத்தும். பிற்காலத்தில் லாயம் என்னும் சொல்லே பெருவழக்காயிற்று. வழங்கும் பெயரைக் கொண்டு மட்டும் ஒரு கட்டடத்தின் பயனைத் துணிய இயலாது. அதன் அமைப்பே முதன்மைச் சான்று.

ஹம்பி யானைக் கூடம்

நாயக்கர் ஆட்சிக்கு மூலமான விசயநகரத்தின் தலைநகர் 1565இல் அழிவுற்றது. அங்கு எஞ்சியுள்ள யானைக் கூடத்தில் 11 அறைகள் ஒரே வரிசையில் அமைந்துள்ளன. ஒவ்வோர் அறைக்கும் உயர்ந்த வளைவு வாயிலும் மேலே குவிமாடமும் உண்டு. வடிவில் வேறுபட்ட குவிமாடங்கள் நடு அறையின் இருபுறமும் ஒத்த முறையில் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. வளைவும் குவிமாடமும் இசுலாமியக் கட்டடமரபின் தாக்கத்தைக் காட்டுகின்றன. ஹம்பிக் கட்டடங்கள் பலவற்றின் இன்றைய பெயர்கள் பிற்காலத்தவர் இட்டவை. எனினும் இக்கட்டடத்தில் வாயிலின் உயரமும், அறையின் பரப்பும், முன்னுள்ள திறந்தவெளியும் யானைகளுக்குப் பொருந்துவதால் பெயரும் அமைப்பும் முரண்படவில்லை.

செஞ்சி அறைவரிசை

செஞ்சிக் கோட்டையின் கீழ்ப்பகுதியில், கல்யாண மகாலை அடுத்துள்ள வளைவு முகப்பு அறைவரிசை குதிரை லாயம் எனப்படுகிறது. இத்தகைய அமைப்பு வீரர் தங்குமிடத்திற்கும் பொருந்தும். வளைவுகளின் வரிசை மட்டும் லாயத்தை உறுதிப்படுத்தாது என்பதை இஃது உணர்த்துகிறது.

முடிவுரை

வாயிலின் உயர அகலம், விலங்கு நடக்கத்தக்க தரை, கழிவுநீர் வடிகால், காற்றோட்டம், கட்டுத்தறி அல்லது வளையத்தின் தடம், தீவனத் தொட்டி, அருகில் நீர்நிலை ஆகியன ஒருங்கே ஆராயப்பட வேண்டும். மரத்தூணும் கூரையும் கொண்ட கொட்டில்களில் சுவர் எஞ்சாது. தூண் குழிகளும் கட்டுக்கற்களுமே எஞ்சக்கூடும். பாளைய அரண்மனைகளில் முதன்மைக் கட்டடம் பாதுகாக்கப்படினும் புறக்கட்டடங்கள் எளிதில் இடிக்கப்படுகின்றன. அவற்றை அளந்து ஆவணப்படுத்தாவிடில், பாளையங்களின் படைவாழ்வை அறிவிக்கும் பொருட்சான்று அழிந்துபோகும்.