மணிக்கொடியின் சிறுகதைகள்

படிக்கத்தக்க சிறுகதைகள் எங்கே கிடைக்கும் என்று என்னைக் கேட்கும் அன்பர்கள் பலர். நிரம்ப விற்பனையாகும் பத்திரிகை ஒன்றின் பெயரை நான் சொல்வேன் என்று அவர்கள் எதிர்பார்ப்பார்கள். நானோ, என்றைக்கோ நின்றுபோன மணிக்கொடியின் பெயரைச் சொல்வேன். அதற்குரிய காரணத்தை நேயர்களுக்கும் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

1933ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், கே. சீனிவாசன், வ. ரா., டி. எஸ். சொக்கலிங்கம் ஆகிய மூவரும் கூடி மணிக்கொடியை வாரப் பத்திரிகையாகத் தொடங்கினர். நாட்டு விடுதலையே அதன் தலையாய நோக்கம்; கதைக்கு அதில் ஓர் ஓரமே கிடைத்தது. 1935இல் பி. எஸ். ராமையா அதனை ஏற்று, மாதம் இருமுறை வெளிவரும் சிறுகதைப் பத்திரிகையாக மாற்றினார். வியாபாரக் கண்கொண்டு நோக்குவோர்க்கு இது வீண் முயற்சியாகவே தோன்றியிருக்கும். அவர்கள் கணக்கும் பிழையன்று. மணிக்கொடி பொருள் ஈட்டவில்லை. 1938இல் ராமையா விலகினார். அதன்பின் பத்திரிகை நெடுநாள் நடக்கவில்லை. சன்மானத்தைக் கருதி எவரும் அதில் எழுதியதுமில்லை. வாசகர் இதை விரும்புவாரா, விற்பனை குறையுமா என்ற அச்சம் எழுதுகோலைத் தடுக்காத இடம் அது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' 1934இல் அங்கே வெளிவந்தது. சில பக்கங்களே கொண்ட கதை. அம்மாளு மில் கூலி. அவள் கணவன் குதிரைவண்டி ஓட்டுபவன். அவன் அடிபட்டுப் படுத்துவிடுகிறான். பால் கஞ்சி வேண்டும் என்கிறான். வீட்டில் காசு இல்லை. இருண்ட சந்தில் அவள் முக்கால் ரூபாய் சம்பாதித்து வருகிறாள். இதற்காக ஆசிரியர் அவளைத் தண்டிக்கவுமில்லை. அவளுக்காகக் கண்ணீர் வடிக்கவுமில்லை. கற்பைப் பற்றி ஓயாமல் பேசும் நம்மை நோக்கியே திரும்புகிறார். குடும்பப் பத்திரிகை எதுவும் அந்நாளில் இக்கதையை ஏற்றிருக்கும் என்று நான் நம்பவில்லை. இன்றைக்கும் சில ஆசிரியர்கள் தயங்கவே செய்வார்கள்.

அவருடைய 'மனித யந்திரம்' வேறு வகை. கடைக் கணக்கிலேயே வாழ்நாளைக் கழித்த மீனாட்சிசுந்தரம் பிள்ளை, ஒருநாள் கல்லாப் பணத்தோடு ஓடிவிட எண்ணி ரயிலடி வரை செல்கிறார். சென்றவர் திரும்பி வந்து பணத்தை வைத்துவிடுகிறார். பார்வைக்கு ஒன்றும் நிகழவில்லை. ஆயினும் திருடிச் சென்றிருந்தால்கூட நமக்கு இத்தனை துயரம் உண்டாகியிராது.

மௌனியைப் பற்றி ஒரு சொல். மணி என்ற அவ்விளைஞரை எழுதத் தூண்டியவரும், 'மௌனி' என்று புனைபெயர் சூட்டியவரும் ராமையாவே. 'பிரபஞ்ச கானம்' 1936இலும் 'அழியாச்சுடர்' 1937இலும் மணிக்கொடியில் வந்தன. வாழ்நாள் முழுவதும் அவர் எழுதிய கதைகள் ஏறக்குறைய இருபத்துநான்கு மட்டுமே. விரைவாகப் படிப்போர்க்கு அவர் நடை இடறும். வாக்கியம் எங்கோ தொடங்கி எங்கோ முடிவதுபோல் இருக்கும். அதைக் குறை என்று தள்ளிவிடாமல் சற்றே பொறுத்திருக்க வேண்டுகிறேன்.

கு. ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி, சி. சு. செல்லப்பா முதலியோரும் அங்கே எழுதினர். அவர்களுள் கு. ப. ரா.வுக்குத் தனிப்பேச்சே வேண்டும். பெண் மனம் சொல்லாமல் விடுவதை அவரைப்போலக் கேட்டவர் குறைவு.

மணிக்கொடியில் பதரே இல்லை என்று நான் சாதிக்கமாட்டேன். பயிற்சிக்காக எழுதியவை போன்ற கதைகளும் அதில் உண்டு. இலவசமாகக் கிடைத்த இடத்தில் எல்லாம் நெல்லாக விளையும் என எதிர்பார்ப்பது நியாயமுமன்று.

பழைய இதழ்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. புதுமைப்பித்தன் கதைகள் முழுவதும், முதலில் வெளிவந்த இடமும் நாளும் குறிக்கப்பெற்று, 2000இல் காலச்சுவடு பதிப்பகத்தின் வெளியீடாக வந்தன. பத்திரிகையின் வரலாற்றை ராமையாவே 'மணிக்கொடி காலம்' என்னும் நூலில் எழுதியிருக்கிறார். அதற்கு 1982இல் சாகித்திய அக்காதெமி பரிசு கிடைத்தது. அதனைப் பிறகு படிக்கலாம். முதலில் 'பொன்னகரம்', அடுத்து 'மனித யந்திரம்', பின்னர் கு. ப. ரா.வின் கதைகள் சில. மௌனியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். வீடு அடங்கிய பிறகு, ஓர் இரவுக்கு ஒரு கதை போதும்.