ஓட்டம் ஓய்ந்த நாய்களும் அவை புகும் இல்லங்களும்

மனிதன் தன்னோடு பழக்கிக்கொண்ட விலங்குகளுள் காலத்தால் முந்தியது நாய். காவலுக்கும் வேட்டைக்கும் துணை நின்ற அவ்விலங்கைப் பின்னாளில் அவன் பொழுதுபோக்குக்கும் பணயத்திற்கும் உரிய பொருளாக்கிக் கொண்டான். அவ்வாறு பந்தயத்திற்கென்றே ஈன்று வளர்க்கப்பட்டு, ஓடும் காலம் முடிந்ததும் வேண்டாப் பொருளாகிவிடும் இனம் கிரேஹவுண்ட். பந்தயத் திடலை விட்டு வெளியேறிய பின் அந்நாய் எங்கே செல்கிறது? அதனைத் தம் இல்லத்தில் ஏற்போர் எத்தகைய பொறுப்பை ஏற்கின்றனர்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிரேஹவுண்ட், மோப்பத்தால் அன்றிப் பார்வையால் இரையைக் கண்டு துரத்தும் வகையைச் சேர்ந்தது. நம் நாட்டுச் சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நாய்களைக் கண்டவர்க்கு அதன் உருவத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒடுங்கி நீண்ட முகம், ஆழ்ந்த மார்பு, உள்வாங்கிய வயிறு, மெலிந்துயர்ந்த கால்கள் ஆகியன அதன் அடையாளங்கள். முழு விசையில் ஓடும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் இருமுறை அதன் நான்கு கால்களும் நிலத்தை விட்டு எழுந்து நிற்கும். மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வேகத்தை அது எட்ட வல்லது.

இன்று நாம் அறியும் நாய்ப்பந்தயத்தின் வரலாறு மிகப் பழமையானதன்று. 1919ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் எமரிவில் நகரில், ஓவன் பாட்ரிக் ஸ்மித் என்பார் உயிருள்ள முயலுக்கு மாற்றாகத் தண்டவாளத்தில் விரையும் பொம்மை முயலைப் பந்தயத் திடலில் ஓடவிட்டார். 1926ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், பெல் வியூ என்னுமிடத்தில் அம்முறை அரங்கேறியது. அங்கிருந்து அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மக்காவ் எனப் பரவியது. முயலைக் கொல்லும் கொடுமை நீங்கியது என்று அந்நாளில் சிலர் மகிழ்ந்திருக்கக்கூடும். நாயின் நிலை பற்றி எண்ணியவர் சிலரே.

கணக்கு எளியது. ஒரு கிரேஹவுண்ட் ஏறத்தாழ ஒன்றரை வயதில் ஓடத் தொடங்குகிறது. மூன்று முதல் ஐந்து வயதிற்குள் அதன் ஓட்டம் ஓய்ந்துவிடுகிறது. எலும்பு முறிந்தாலோ, விரைவு குறைந்தாலோ அதற்கு முன்பே ஓய்ந்துவிடும். சில நாய்கள் திடலில் கால் வைக்கும் முன்னரே 'இது துரத்தாது' என்று தள்ளப்படுகின்றன. ஆனால் அந்நாயின் இயற்கை ஆயுள் பன்னிரண்டு, பதினான்கு ஆண்டுகள். ஆக, உரிமையாளர்க்கு அதனால் பயன் விளையும் காலத்தைப் போல இருமடங்கு காலம் அது உண்டு உறங்கி வாழ வேண்டியிருக்கிறது. அந்த எஞ்சிய ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு என்பதே சிக்கல்.

பல்லாண்டுக் காலம் அதற்குக் கிடைத்த விடை கொலையே. 2006ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டர்ஹம் மாவட்டத்துச் சீஹாம் என்னும் ஊரில், நாயொன்றுக்குப் பத்துப் பவுண்டு கூலி பெற்றுக்கொண்டு, நோயற்ற கிரேஹவுண்டுகளைக் கொன்று தம் நிலத்தில் புதைத்து வந்த ஒருவரைச் செய்தித்தாள் ஒன்று வெளிப்படுத்தியது. பதினைந்து ஆண்டுகளில் பதினாயிரம் நாய்கள் அவ்வாறு மடிந்திருக்கலாம் எனக் கூறப்பட்டது. இதில் நம்மைத் திகைக்கச் செய்வது பின்னர் நிகழ்ந்ததே. அவருக்கு விதிக்கப்பட்ட தண்டம் நாய்களைக் கொன்றமைக்காக அன்று. உரிய அனுமதியின்றி அவற்றைப் புதைத்தமைக்காக! ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், முன்னாள் நீதிபதி மைக்கேல் மக்ஹியூ நடத்திய விசாரணையின் அறிக்கை 2016இல் வெளிவந்தது. போதிய விரைவு இல்லை என்ற காரணத்தால் பன்னிரண்டு ஆண்டுகளில் குறைந்தது 48,891 நாய்கள், மிகுதியாகக் கணக்கிட்டால் 68,448 நாய்கள் கொல்லப்பட்டிருக்கலாம் என்று அது கூறியது. அம்மாநில அரசு பந்தயத்தைத் தடை செய்வதாக அவ்வாண்டு ஜூலையில் அறிவித்து, அக்டோபரிலேயே அம்முடிவைக் கைவிட்டது.

இக்கொடுமைக்கு மாற்று வழி காண முற்பட்டோரும் இருந்தனர். பிரிட்டனில் 1975ஆம் ஆண்டிலேயே ஓய்வுற்ற கிரேஹவுண்டுகளுக்கென ஓர் அறக்கட்டளை தோன்றியது. அமெரிக்காவில் 1980களில் தத்தெடுப்பு இயக்கம் வேர்விட்டது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1996இல் தத்தளிப்புத் திட்டம் தொடங்கியது. ஆயினும் மக்கள் மனத்தில் ஒரு தடை இருந்தது. பந்தய நாய் கொடியது, எதைக் கண்டாலும் கடித்துக் குதறும் என்று பலர் நம்பினர். அதன் வாயில் எந்நேரமும் பூட்டப்பட்டிருந்த வாய்ப்பூட்டே அந்நம்பிக்கையை வளர்த்தது எனலாம். உண்மையில் ஓடும் பரபரப்பில் ஒன்றையொன்று கவ்விவிடாமல் இருக்கவும், வெற்றிக் கோட்டில் எந்த மூக்கு முந்தியது என்று நிழற்படத்தில் தெளிவாகத் தெரியவும் பூட்டப்படும் கருவி அது. வீட்டில் வளரும் கிரேஹவுண்டுக்கும் வெளியில் வாய்ப்பூட்டு வேண்டும் என்ற சட்டம் விக்டோரியாவில் 2019 ஜனவரியில்தான் நீங்கியது.

வீடு அறியாத நாய்

தத்தெடுக்கப்படும் கிரேஹவுண்டை நாம் குட்டி நாயோடு ஒப்பிடுதல் தவறு; தெருவில் கைவிடப்பட்ட நாயோடு ஒப்பிடுதலும் தவறு. அது வயது வந்த, ஒழுங்கு கற்ற, ஆனால் வீடு என்பதையே அறியாத உயிர். பிறந்தது முதல் தன் இனத்து நாய்களோடு கொட்டடியில் வளர்ந்தது. குறித்த வேளையில் உணவு. குறித்த வேளையில் திறந்த வெளிக்குச் செல்லுதல். மற்ற நேரம் கூண்டில் அல்லது தடுப்பறையில் உறக்கம். வண்டியில் ஏறத் தெரியும். எடை பார்க்க அசையாமல் நிற்கத் தெரியும். அயலார் தொட்டு ஆராய்ந்தாலும் பொறுத்துக்கொள்ளத் தெரியும். மாடிப்படி தெரியாது. கண்ணாடிக் கதவு தெரியாது. தன் உருவத்தை ஆடியில் கண்டால் மற்றொரு நாய் வந்ததென எண்ணும். வழுவழுப்பான தரையில் கால் பரப்பி நடுங்கி நிற்கும். தன் இனத்தைத் தவிர வேறு நாயினமும் உண்டு என்பதைக்கூடப் பல கிரேஹவுண்டுகள் அறிந்ததில்லை.

இந்த இடைவெளியைக் கடக்கும் பாலமாக அமைவதே இடைக்கால வளர்ப்பு இல்லம். தத்தளிக்கும் அமைப்புகள் பல, நாயைக் கொட்டடியிலிருந்து நேரே புதிய உரிமையாளரிடம் ஒப்படைப்பதில்லை. முதலில் தன்னார்வக் குடும்பம் ஒன்றில் சில வாரங்கள் தங்கவைக்கின்றன. உணவுச் செலவையும் மருத்துவச் செலவையும் பெரும்பாலும் அமைப்பே ஏற்கும். உழைப்பும் உறக்கமிழப்பும் அக்குடும்பத்தினுடையவை.

அவர்கள் கற்பிக்கும் பாடங்கள் சிறியவை. ஆனால் ஒவ்வொன்றும் பொறுமையைச் சோதிப்பவை. மாடிப்படியில் ஏற்றுவதற்கு ஒருவர் பின்னின்று தாங்க, ஒவ்வொரு காலாக எடுத்து வைக்க வேண்டும். கண்ணாடிக் கதவில் நாயின் கண்மட்டத்தில் காகிதப் பட்டைகளை ஒட்ட வேண்டும். கொட்டடியில் தன் படுக்கையை அசுத்தப்படுத்தாத நாய், வீடு முழுவதும் தன் படுக்கையே என்று உணரும்வரை, எழுந்தவுடனும் உண்டவுடனும் இடையிலும் அதனை வெளியே அழைத்துச் செல்ல வேண்டும்.

இவற்றினும் கடினமான பாடம் தனிமை. கொட்டடியில் அந்நாய் தனித்திருந்ததே இல்லை. சுற்றிலும் மூச்சொலி கேட்டுக்கொண்டேயிருந்தது. வீட்டார் அனைவரும் வெளியேறிக் கதவைச் சாத்தும்போது எழும் அமைதியை அது தாங்காது ஊளையிடும்; கதவைப் பிறாண்டும். எனவே முதலில் இரண்டு நிமிடம், பிறகு ஐந்து, பிறகு கால் மணி என்று தனிமையைச் சிறிது சிறிதாகப் பழக்குகின்றனர். முதல் நாளெல்லாம் கொஞ்சிவிட்டு மறுநாள் எட்டு மணி நேரம் பூட்டிவிட்டுச் செல்வது, அன்பின் பெயரால் செய்யும் கொடுமையாகிவிடும்.

உறக்கத்தில் தொடப்படுவதும் அவ்வாறே. இதுவரை உறங்கும் அதனை யாரும் மிதித்ததில்லை, கட்டிக்கொண்டதில்லை. சில கிரேஹவுண்டுகள் கண்ணைத் திறந்தபடியே உறங்கவும் செய்யும். விழித்திருக்கிறது என்று எண்ணிக் குழந்தை ஓடிச்சென்று அணைத்தால், திடுக்கிட்டு உறுமும், கடித்தும் விடலாம். பெயர் சொல்லி எழுப்பிய பின்னரே தொட வேண்டும் என்பது அவ்வில்லங்களின் விதி. இவ்விதியை ஏற்க இயலாத சிறு குழந்தைகள் உள்ள வீட்டிற்கு அத்தகைய நாயைக் கொடுக்க மறுப்பதே நேர்மை.

இடைக்கால இல்லத்தார் காணும் ஒவ்வொன்றும் குறிப்பாகிறது. பூனையைக் கண்டால் என்ன செய்கிறது என்பதை வாய்ப்பூட்டு அணிவித்து ஆராய்கின்றனர். சில நாய்கள் முகர்ந்துவிட்டு விலகும். சில விழிகளை அசைக்காமல் உற்று நோக்கி நடுங்கும். பின்னது பூனை வளர்க்கும் வீட்டிற்குரியதன்று. விரும்பியவர்க்கு விரும்பிய நிறத்து நாயைக் கொடுப்பதன்று தத்தளித்தல். இன்ன நாய்க்கு இன்ன வீடு எனப் பொருத்தம் காண்பது. அதனாலேயே வீட்டை நேரில் வந்து பார்க்கின்றனர். வளர்க்க இயலாவிடில் வேறெவருக்கும் கொடுக்காமல் அமைப்பிடமே திருப்பித் தர வேண்டும் என எழுதி வாங்குகின்றனர்.

இங்கே ஒரு வேடிக்கையையும் குறிப்பிடலாம். சில வாரங்களுக்கென நாயை ஏற்றவர், பிரிய மனமின்றித் தாமே தத்தெடுத்துக்கொள்வதுண்டு. அவரைத் 'தோற்றுப்போன வளர்ப்பாளர்' என நகைச்சுவையாக அழைப்பர். நகைச்சுவைக்குள் ஓர் இடர்ப்பாடும் உண்டு. அவ்வீட்டில் நாய் நிலையாகத் தங்கிவிட்டால், கொட்டடியில் காத்திருக்கும் அடுத்த நாய்க்கு அங்கே இடமில்லை. கற்பித்த நாயைக் கண்ணீரோடு அனுப்பிவிட்டு, கற்பிக்கப்படாத மற்றொன்றுக்குக் கதவைத் திறப்பவரே இவ்வியக்கத்தின் உண்மையான தூண் என்பது என் எண்ணம்.

உடல் பேணும் முறை

ஓடுவதற்கென்றே வளர்த்ததால் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் என்று பலர் அஞ்சுகின்றனர். மாறாக, நாளில் பெரும்பொழுதை அது உறங்கியே கழிக்கும். திடலிலும் அது ஓடியது அரை நிமிடமே. நாளைக்கு இருமுறை இருபது, முப்பது நிமிட நடை அதற்குப் போதுமானது. ஆனால் வெளியில் ஒருபோதும் கயிற்றைக் கழற்றலாகாது. தொலைவில் ஓர் அணில் அசைந்தால் போதும். அழைக்கும் குரல் காதில் விழுமுன் அது சாலையைக் கடந்துவிடும். அதன் கழுத்து தலையினும் பருத்தது. சாதாரணப் பட்டை எளிதில் நழுவிவிடும். எனவே இழுத்தால் இறுகும் அகன்ற பட்டையைப் பயன்படுத்துகின்றனர்.

தோல் மெல்லியது; கொழுப்பு குறைவு. குளிர்நாடுகளில் அதற்கு மேலாடை வேண்டும். கடுந்தரையில் படுத்தால் முழங்கை புண்ணாகும். பாதத்தில் ஆணி தோன்றுவதும், பற்கள் கெட்டிருப்பதும் வழக்கம். எலும்புப் புற்றுநோய் இவ்வினத்தில் மிகுதி. மருத்துவரும் தனிக் கவனம் கொள்ளல் வேண்டும். தயோபென்டால் போன்ற மயக்க மருந்துகள் இதன் உடலை விட்டு மெதுவாகவே நீங்கும். மற்ற நாய்க்குப் பாதுகாப்பான மருந்து இதற்கு ஆபத்தாகலாம். இரத்தத்தில் சிவப்பணுக்கள் மிகுந்தும், தைராய்டுச் சுரப்பு குறைந்தும் இருப்பது இதற்கு இயல்பு. அதனை நோயென்று கருதி மருந்து கொடுத்தலும் நிகழ்கிறது. சிவப்பணு மிகுதியாலும், பிற நாய்களுக்கு ஒத்துப்போகும் இரத்த வகை பலவற்றிற்கு இருப்பதாலும் கால்நடை இரத்த வங்கிகள் இவற்றை விரும்பி நாடுகின்றன.

திடல்கள் மூடப்பட்டபோது

பந்தயம் நின்றுவிட்டால் இத்தனை நாய்களும் எங்கே போகும் என்பது தடையை எதிர்ப்போர் வினா. இதற்கு மக்காவ் ஒரு விடை தந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து தருவிக்கப்பட்ட நாய்கள் அங்கிருந்து உயிரோடு திரும்புவது அரிது என்று பெயர்பெற்ற திடல் அது. 2018 ஜூலையில் அது மூடப்பட்டபோது ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் கொட்டடிகளில் கிடந்தன. நடத்திய நிறுவனம் அவற்றிற்கு எந்த ஏற்பாடும் செய்திருக்கவில்லை. அரசு அவற்றைப் பொறுப்பேற்றது. ஆல்பனோ மார்ட்டின்ஸ் தலைமையிலான அனிமா என்னும் விலங்கு நல அமைப்பு பல நாட்டு அமைப்புகளோடு கைகோத்தது. ஹாங்காங், இத்தாலி, பிரிட்டன், அமெரிக்கா என நாய்கள் பயணமாயின.

அமெரிக்காவின் புளோரிடாவில் 2018 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்கு அறுபத்தொன்பது பேர் தடையை ஆதரித்தனர். 2020 டிசம்பர் 31இல் அங்குக் கடைசிப் பந்தயம் ஓடியது. அஞ்சியதற்கு மாறாக, தத்தெடுக்க விரும்புவோர் காத்திருக்கும் நிலையே ஏற்பட்டது. சில அமைப்புகள் அயர்லாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நாய்களை வரவழைக்கத் தொடங்கின. பிரிட்டனில் பந்தயம் தொடர்ந்தபோதிலும், ஒவ்வொரு நாயின் ஓய்வுக்காலத்திற்கும் 400 பவுண்டு ஈடு ஒதுக்கும் திட்டம் 2020இல் வந்தது. நியூசிலாந்து அரசு 2026 ஆகஸ்டு முதல் பந்தயம் இராது என்று 2024 டிசம்பரில் அறிவித்தபோது, கால இடைவெளி கொடுத்ததற்குக் கூறிய காரணங்களுள் ஒன்று நாய்களுக்கு இல்லம் தேடுவதே. திடலை மூட ஒரு சட்டம் போதும். ஒவ்வொரு நாய்க்கும் தனித்தனியே ஒரு வீடு வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் ஓடிய நாயின் காதுகளை விரித்துப் பார்த்தால் உட்புறத்தில் பச்சை குத்திய எண்கள் தெரியும். இடக்காதில் அது பிறந்த ஈற்றின் பதிவெண். வலக்காதில் பிறந்த மாதம், ஆண்டின் கடைசி எண், ஈற்றில் அது எத்தனையாவது என்பதைக் காட்டும் எழுத்து. தத்தெடுத்தவர் பலர் அவ்வெண்ணைக் கொண்டே தம் நாயின் பிறந்த மாதத்தை அறிகின்றனர். புதிய வீட்டில் முதல் நாள்களில் அந்நாய் சுவரோரம் சுருண்டு படுத்து, அடிச்சத்தம் கேட்டதும் எழுந்து நிற்கும். அதனை வளர்ப்போர் ஒரு காட்சிக்காகக் காத்திருப்பார்கள்: மல்லாந்து படுத்து, நான்கு கால்களையும் மேலே நீட்டி, கழுத்தைத் தளரவிட்டு அது உறங்கும் காட்சி. சில நாய்களுக்கு அவ்வுறக்கம் இரண்டாம் வாரத்தில் வரும். சிலவற்றிற்கு ஓராண்டு ஆகும்.