கம்பைலரும் பொது லைப்ரரியும்

கல்லூரிச் சோதனைச்சாலையில் யான் எழுதி இயக்கிய சி++ புரோகிராம் ஒன்றைச் சென்ற ஆண்டு மாடம்பாக்கத்திலுள்ள என் இல்லத்திற்குக் கொண்டு சென்று, பழைய மடிக்கணினியில் ஏற்றினேன். மறுநாட் காலை அக்கணினியிலேயே அதனை ஆசிரியர்முன் இயக்கிக் காட்டவேண்டும். அதுவோ ஓட மறுத்து, ‘ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் 3.4.21 காணப்படவில்லை’ என்று ஒரு வரி கூறி நின்றது. புரோகிராமில் ஓரெழுத்தும் மாறாதிருக்கக் குற்றம் எங்கே நேர்ந்தது?

புரோகிராம் ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய யாவற்றையும் தன்னுள்ளே சுமப்பதில்லை. பலவற்றிற்கும் பொதுவான பகுதிகள் லைப்ரரி என்னும் தனிக் கோப்பில் உள்ளன. ஓடுங்காலத்தில் எல்லாப் புரோகிராம்களும் அதனிடம் இரவல் பெறுகின்றன. எந்தப் பகுதி, எந்தப் பதிப்பினது என்னும் பெயர்க்குறிப்பு மாத்திரமே புரோகிராமில் இருக்கும். அன்றியும், ஒரு சொற்சரம் எத்தனை பைட் இடங்கொள்ளும் என்பது போன்ற உள்ளமைப்புகளைக் கம்பைலர் முன்னதாகவே அதிற் பதித்துவிடுகின்றது. மொழி ஒன்றாயினும் இவ்வமைப்பு பதிப்புக்குப் பதிப்பு வேறுபடலாம்.

2015 ஏப்ரலில் வெளிவந்த ஜி.சி.சி. 5.1 இங்ஙனமே செய்தது. அதற்கு முன் 64-பிட் யந்திரத்தில் சொற்சரம் 8 பைட் கொண்ட ஒரு சுட்டியே. பிரதிகள் பல ஒரே எழுத்துக்களைப் பங்கிட்டுக்கொண்டன. சி++ மொழியின் 2011 விதிகள் அப்பங்கீட்டை விலக்கினமையால், சொற்சரம் 32 பைட் ஆயிற்று. எட்டைக் கொடுப்போன் ஒருவனும் முப்பத்திரண்டை எதிர்பார்ப்போன் ஒருவனும் சந்தித்தால், பின்னவன் அண்டைவீட்டு நிலத்தையும் தன்னதென்றே உழுவான்! இதனைத் தடுக்க, பழையது புதியது ஆகிய இரண்டையும் ஒரே லைப்ரரியில் வைத்து, புதியதின் பெயர்களில் ‘சிஎக்ஸ்எக்ஸ்11’ என்னும் அடையாளத்தைச் சேர்த்தனர். பொருந்தாதவை பெரும்பாலும் இணைக்கும்போதே நின்றுவிடும். மௌனமாய்த் தவறு செய்வதினும் இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

டெபியன் லினக்ஸ் அமைப்பினரோ அவ்வாண்டு தம் லைப்ரரிப் பொதிகள் பலவற்றின் பெயரிறுதியில் ‘வி5’ என்று சேர்த்து மாற்றவேண்டியதாயிற்று. நம் சென்னைச் சி-டாக் நிலையத்தார் ஆக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழிவந்ததே.

என் மடிக்கணினியில் இருந்தது டெபியன் 8. அதன் கம்பைலர் 4.9. அதன் லைப்ரரி 3.4.20 வரையே அறியும். புதிய லைப்ரரி பழைய புரோகிராமை ஏற்கும். பழைய லைப்ரரி புதியதை ஏற்காது. ஆகவே, பழைய யந்திரத்தில் கம்பைல் செய்து புதியவற்றிற்குக் கொண்டுபோதலே தக்க முறை. நல்லகாலமாக மூலத்தையும் உடன் கொண்டுசென்றிருந்தேன். 2011 விதிகளைக் கைக்கொள்ளுமாறு 4.9-க்கு வெளிப்படையாகக் கட்டளையிட வேண்டும் என்பதை அறியாது மேலும் ஒருமணி நேரம் கழிந்தது. நள்ளிரவுக்குப் பின்னரே புரோகிராம் ஓடிற்று. மூலமின்றிக் கம்பைல் செய்த கோப்பை மாத்திரம் வைத்திருப்போர், அதனை ஆக்கியவரையே மீண்டும் நாடவேண்டும்.